வட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

வித்துராவில் மரவேலையைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டவருக்கு மரத்துக்குப் பஞ்சமில்லை. நெடுமங்காட்டிலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலையில், மலையேற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். வீட்டு மனைகளில் பலா, அயினி, தேக்கு, மகாகனி. பால் குறைந்த ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது அந்தப் பலகையும் சந்தைக்கு வருகிறது. இப்படி வாங்கிவந்த ஒரு பலகையை ஸ்டூலாகவோ அலமாரியாகவோ மாற்றுவதில் பாதி வேலை அறுப்பதும் பூட்டுவதும். மீதிப் பாதி தேய்ப்பது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது அந்த மீதிப் பாதியில்தான்.

தடுமாற்றம் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. ‘சாண்டிங் டிஸ்க்’ என்றும் ‘வெல்க்ரோ டிஸ்க்’ என்றும் கேட்டு வாங்கும் பொருளை இங்கே தேய்ப்பு வட்டு என்போம். பொட்டலத்தின் மேல் ‘5 அங்குலம், 8 துளை, அலுமினியம் ஆக்சைடு, பி120, ஸ்டியரேட்’ என்று ஒரு வரி இருக்கும். வாங்குபவருக்கு அதில் விலை மட்டுமே புரியும். ஆனால் அந்த வரியில் வீண் சொல் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் வட்டின் ஒரு பகுதியைக் குறிக்கிறது. அந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

தேய்ப்பு வட்டு என்பது வட்டமாக வெட்டிய உப்புத்தாள்தான். அடியில் இருப்பது முதுகு. பெரும்பாலும் கனத்த காகிதம்; சிலவற்றில் துணி, சிலவற்றில் பிளாஸ்டிக் படலம். முதுகின் மேல் ஒரு பசைப் பூச்சு. அதில் பதிந்த கூரிய குருணை. குருணை அசையாமலிருக்க அதன்மேல் இன்னொரு பசைப் பூச்சு. சிலவற்றில் இவை எல்லாவற்றுக்கும் மேலே வெண்ணிறமான ஒரு மேற்பூச்சு. குருணையை ஆலையில் வெறுமனே தூவுவதில்லை. மின்புலத்தில் வைத்து, ஒவ்வொரு குருணையும் எழும்பி, நுனி மேல்நோக்கி நிற்கும்படி ஒட்டவைக்கிறார்கள். புதுத் தாளைத் தடவினால் விரலைக் கடிப்பது அதனால்தான்.

ஆலைத் தாள் வருவதற்கு முன் இந்த வேலையை இலைகள் செய்தன. பிராய் மரத்தின் இலையும், மலையாளத்தில் தேரகம் எனப்படும் அத்தி இனத்து மரத்தின் இலையும் சொரசொரப்பானவை. மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்ற அவற்றைப் பயன்படுத்தினார்கள். இலையில் தேர்வுக் குழப்பம் இல்லை. கிடைப்பது ஒரே சொரசொரப்பு.

வட்டைத் தேர்வதற்கு முன், அது எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறது என்று பார்க்க வேண்டும். சிற்றூர் ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை 4 அங்குல கிரைண்டரில் மாட்டும் வட்டுகள். கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. 100 மில்லிமீட்டர் வட்டின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 57 மீட்டர் ஓடும். இரும்பில் வெல்டிங் தழும்பை எடுக்க அது பொருத்தம். மரத்தில் அதே வேகம் குழி பறிக்கும், ஓரங்களைக் கருக்கும், நாருக்குக் குறுக்கே வில் வில்லாகக் கோடு போடும். கிரைண்டரை வைத்தே கதவைத் தேய்த்து முடிக்கும் ஆசாரிகள் உண்டு. அது அவர்களின் கைப்பழக்கம். பொழுதுபோக்குக்காரர் அதைப் பார்த்துத் தொடங்க வேண்டியதில்லை.

அவருக்கு ஏற்றது ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர். இனி இதைச் சாண்டர் என்றே குறிப்பிடுவோம். இதில் வட்டு மாட்டும் பேட், மோட்டார் அச்சின் நடுவில் இல்லாமல் சற்றே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் அது இருந்த இடத்திலேயே மிகச் சிறிய வட்டப்பாதையில் நடுங்குகிறது. சிறிய சாண்டர்களில் அந்தப் பாதையின் அகலம் பெரும்பாலும் 2.5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 12,000 முறை நடுங்கினாலும், குருணை நகரும் வேகம் நொடிக்கு 1.6 மீட்டர் அளவுதான். கிரைண்டரோடு ஒப்பிட்டால் 35-இல் ஒரு பங்கு. இதோடு, பேட் ஒரு பேரிங்கின் மேல் தன்போக்கில் மெதுவாகச் சுழலவும் செய்கிறது. இரண்டும் சேர்வதால் ஒரே குருணை ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடுவதில்லை. ஒரு கீறல் இன்னொன்றை அழித்துக்கொண்டே போகிறது. மேலே அழுத்தினால் அந்தத் தன்போக்குச் சுழற்சி நின்றுவிடும். அப்போது விழுவது சிறு சிறு சுழிக்கீறல்கள். இயந்திரத்தின் எடையும் கையின் எடையும் போதும்.

அளவும் துளையும் எளிய சங்கதிகள், விரைவாகச் சொல்லிவிடலாம். வீட்டுச் சாண்டர்கள் பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் பேட் கொண்டவை. கடையில் இதை 5 அங்குலம் என்பார்கள். 6 அங்குலம் என்பது 150 மில்லிமீட்டர். அதன் பரப்பு 44 விழுக்காடு அதிகம். மேசைப் பலகை போன்ற பெரிய வேலைக்கு அது நல்லது. சிறிய வேலைக்குச் சுமை. துளைகள் தூளை உறிஞ்சுவதற்காக. 125 மில்லிமீட்டரில் 8 துளை பரவலாக இருக்கிறது, 5 துளையும் உண்டு. 150-இல் துளை அமைப்புகள் பலவகை. பேட்டின் துளையும் வட்டின் துளையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் உறிஞ்சல் நின்றுவிடும். ஆகவே பேட்டை ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. ஒட்டும் முறையில் வெல்க்ரோவையே எடுங்கள். பசையால் ஒட்டும் வகையைக் கழற்றினால் மறுபடி ஒட்டாது. தேய்ப்பு வேலையில் வட்டை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

இனி எண்ணுக்கு வருவோம். இதில் சற்று நின்றுதான் ஆக வேண்டும்.

தச்சர்கள் ‘எண்பது நம்பர்’, ‘நூற்றிருபது நம்பர்’ என்று சொல்வது குருணையின் பருமனை. எண் கூடக் கூடக் குருணை சிறுக்கும். காரணம் சல்லடை. ரவையைச் சலிப்பதுபோல் குருணையையும் சலித்துப் பிரிக்கிறார்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் என்பதிலிருந்து இந்த எண்முறை வளர்ந்தது. கண் கூடினால் ஒவ்வொரு கண்ணும் சிறிதாகும், அதன் வழியே விழும் குருணையும் சிறிதாகும். 220 வரை சல்லடை போதும். அதற்கு மேல் குருணை மிகவும் நுண்ணியது. நீரில் விட்டு, அது அடியில் படியும் வேகத்தை வைத்து அளக்கிறார்கள்.

இந்த எண்ணுக்கு உலகில் ஒரே அளவுகோல் இல்லை. ஐரோப்பியத் தேய்ப்புப்பொருள் உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பு வகுத்த முறையில் எண்ணுக்கு முன் ‘பி’ என்ற எழுத்து வரும். அமெரிக்க முறையில் எழுத்து இல்லாமல் எண் மட்டும் வரும். சொரசொரப்பான எண்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. 180, 220 வரை பெரிய வேறுபாடில்லை. அதற்கு மேல் வழி பிரிகிறது. பி320 என்றால் குருணையின் சராசரிப் பருமன் 46 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்க 320 என்றால் 36 மைக்ரான். ஐரோப்பியக் கணக்கில் அது பி400-க்கு அருகில் வருகிறது. இரண்டு பொட்டலங்களையும் கலந்து வாங்கியவர், ஒரு படி ஏறியதாக நினைத்து அதே இடத்தில் நிற்க நேரும்.

‘பி’ என்ற எழுத்துக்கு இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. சராசரி சரியாக இருப்பது மட்டும் போதாது. 120 எண் வட்டில் தப்பித்தவறி நான்கைந்து பெரிய குருணை ஒட்டியிருந்தால், மேற்பரப்பு முழுவதும் 120-க்கு உரிய மென்மை இருக்க, நடுவே ஆழமான சில கீறல்கள் ஓடும். தேய்க்கும்போது அவை கண்ணில் படாது. வார்னிஷ் அடித்ததும் வெளிச்சத்தில் மின்னும். ‘பி’ முறை சராசரியோடு நிற்பதில்லை. பருமன் எந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்றும் வரம்பு கட்டுகிறது. அதனால் வட்டை வாங்குமுன் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். உற்பத்தியாளர் பெயர், ‘பி’ எழுத்து, எண் மூன்றும் அங்கே அச்சாகியிருக்க வேண்டும். வெறும் எண் மட்டும் இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ அதைச் சுவருக்குப் பட்டி தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை எண்கள் வாங்க வேண்டும்? பொட்டலமாக விற்பவர்கள் பத்துப் பன்னிரண்டு எண்களைக் கலந்து தருவார்கள். மரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பி80-இன் குருணை 201 மைக்ரான், பி120 என்றால் 125, பி180 என்றால் 82, பி240 என்றால் 58. ஒவ்வொரு படியிலும் குருணை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சிறுக்கிறது. அடுத்த எண்ணின் வேலை மரத்தை மென்மையாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை அதைவிடக் குறுகியது: முந்தைய எண் போட்ட கீறலை எடுத்துவிட்டு, தன் சிறிய கீறலை அங்கே வைப்பது. ஒன்றரை மடங்குத் தாவலில் இது விரைவாக முடியும். பி80-லிருந்து நேராக பி240-க்குத் தாவினால், 201 மைக்ரான் குருணை போட்ட பள்ளத்தை 58 மைக்ரான் குருணை சுரண்டி எடுக்க வேண்டும். வேலை முடியுமுன் வட்டு மழுங்கிவிடும். மறுபுறம், பி80-க்கும் பி120-க்கும் நடுவில் பி100-ஐ நுழைப்பதால் பெரிய ஆதாயமில்லை.

ஒரு படி முடிந்ததா என்று அறியக் கையால் தடவிப் பார்ப்பது போதாது. தூள் படிந்த மரம் எப்போதும் மென்மையாகவே தோன்றும். பலகையின் மேல் பென்சிலால் மெல்லக் கிறுக்கிவிட்டுத் தேய்க்கலாம். கிறுக்கல் எங்கும் ஒரேபோல் மறைந்தால் அந்தச் சுற்று எங்கும் பட்டிருக்கிறது. பிறகு டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பார்த்தால் மிச்சக் கீறல்கள் நிழல் விழுந்து தெரியும். கையை நொடிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்தினால் போதும். பார்ப்பவருக்குப் பொறுமை போய்விடும் அளவுக்கு மெதுவானது அது.

மேலே எங்கே நிறுத்துவது என்பதிலும் ஆசை அதிகம் வேலை செய்கிறது. பியு, மெலமைன் போன்ற படலம் கட்டும் பூச்சு அடிப்பதாக இருந்தால் பி180 போதும். எண்ணெயோ மெழுகோ ஏற்றுவதாக இருந்தால் பி240 வரை போகலாம். அதற்கு மேல் தேய்த்தால் மரத்தின் கண்கள் அடைபட்டு மேற்பரப்பு பளபளக்கும். சாயம் திட்டுத் திட்டாக ஏறும். பி320-உம் பி400-உம் வெறும் மரத்துக்கானவை அல்ல. ஒரு கோட் பூச்சு காய்ந்தபின், அடுத்த கோட்டுக்கு முன் லேசாக உரசுவதற்கானவை.

அடுத்த சொல் குருணையின் பொருள். மரத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தக் கல்லின் பொருளையே ஆலையில் ஆக்கியது. பாக்சைட் கனிமத்தை 2,000 பாகை செல்சியசுக்கு மேல் மின்வில் உலையில் உருக்கி, ஆறிய பாறையை உடைத்துச் சலிக்கிறார்கள். இது வித்துராவுக்குத் தொலைவான கதையும் அல்ல. முருகப்பா குழுமம் 1954-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டாகத் தொடங்கிய கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் குருணை உலைகள் கொச்சிப் பகுதியில் இருக்கின்றன. இந்த உலைகள் மின்சாரத்தைக் குடிப்பவை. அதற்காகவே அந்நிறுவனம் பத்தனம்திட்டா மாவட்டத்து மணியாறில் 12 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டியது. 1994-லிருந்து அது இயங்குகிறது.

மற்ற குருணைகளைப் பற்றிச் சுருக்கமாக. சிலிக்கான் கார்பைடு 1891-இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஆச்சசன் கண்டது. அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது, ஆனால் எளிதில் நொறுங்கும். பூச்சுகளின் இடையே உரசவும், நீர் தொட்டுத் தேய்க்கவும் நல்லது. அதன் கருந்தூள் ரப்பர் மரம் போன்ற வெளிர் மரத்தின் கண்களில் சிக்கினால் அழுக்காகத் தெரியும். கார்னெட் இயற்கைக் கல். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தும் பிரிக்கப்படுகிறது. கைத்தாளில் அருமையாக வெட்டும். சாண்டரின் வேகத்துக்குச் சீக்கிரம் மழுங்கும். செராமிக் என்று விலை கூட்டி விற்கும் குருணை, தேயத் தேயச் சிறு சிறு சில்லாக உடைந்து புது முனை காட்டுவது. உண்மையிலேயே நெடுநாள் உழைக்கும். ஆனால் அப்படி உடைய நல்ல அழுத்தமும் வலுவான இயந்திரமும் வேண்டும். 250, 300 வாட் சாண்டரில் கையெடையால் மட்டும் ஓட்டுபவர், பி80 போன்ற முரட்டு எண்ணைத் தவிர மற்றவற்றில் அதன் முழுப் பயனையும் காண்பது அரிது.

வித்துரா போன்ற ஊரில் குருணை மழுங்குவது இரண்டாம் பிரச்சினை. முதல் பிரச்சினை அடைப்பு. தூக்கிப்போட்ட வட்டுகளை உற்றுப் பார்த்தால், பாதிக்கு மேல் குருணை இன்னும் கூராகவே இருக்கும். இடைவெளிகளில் மரத்தூள் இறுகிப் பளபளப்பான கறுப்புத் தீவுகளாகக் கிடக்கும். அந்தத் தீவுகள் வெட்டுவதில்லை. உரசிச் சூடேற்றுகின்றன, சுழிக்கீறல் போடுகின்றன.

அடைப்பு மரத்துக்கு மரம் மாறுகிறது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, கூடவே சிலிக்காவும் உண்டு. எண்ணெய் அடைக்கிறது, சிலிக்கா மழுங்கடிக்கிறது; தேக்கு இரண்டு வகையிலும் வட்டைத் தின்னும். ரப்பர் மரம் நன்கு உலர்ந்திருந்தால் அழகாகத் தேயும். ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி என்பதால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் விரைவில் வரும். போராக்சும் போரிக் அமிலமும் ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையைத்தான் வாங்க வேண்டும். ஏதோ ஒரு தோட்டத்தில் வெட்டி, வாசலில் சாய்த்து வைத்த பலகையில் பால் காய்ந்த பிசினும் ஈரமும் சேர்ந்திருக்கும். வட்டு நொடியில் அடைந்துவிடும். அயினியும் பலாவும் நடுத்தரம். பலாவில் ஒரு தனிச் சிக்கல்: அதன் மஞ்சள் நிறம் சாயமாகவே பயன்பட்டது, பௌத்தத் துறவிகளின் காவியைத் தோய்த்ததும் அந்த மரத்தின் சாயத்தில்தான். பலாவைத் தேய்த்த வட்டைத் துடைக்காமல் வெளிர் ரப்பர் பலகையில் வைத்தால் மஞ்சள் ஏறும்.

அடைப்புக்கு எதிராக வட்டில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, குருணையை நெருக்கமாக ஒட்டாமல் இடைவெளி விட்டு ஒட்டுவது. முதுகின் பரப்பில் 50 முதல் 70 விழுக்காடுதான் குருணை இருக்கும். தூள் தங்காமல் வெளியேற இடம் கிடைக்கிறது. மரத்துக்கு இந்த இடைவெளிப் பூச்சு ஏற்றது. நெருக்கமான பூச்சு உலோகத்துக்கு. இரண்டாவது, தொடக்கத்தில் சொன்ன வெண்ணிற மேற்பூச்சு. அது துத்தநாக ஸ்டியரேட், ஒருவகை உலோகச் சோப்பு. தேய்க்கும் சூட்டில் அது மெல்ல உதிரும்போது ஒட்டிய தூளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். பொட்டலத்தில் ‘ஸ்டியரேட்’ என்று இருப்பது இதைத்தான். எழுதியிருக்காவிட்டாலும், வட்டின் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தால் பெரும்பாலும் அதுவே. பூச்சுக்கு முன் பலகையை ஈரமில்லாத துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும் என்பது மட்டும் இதன் நிபந்தனை.

அடைந்த வட்டைத் தூக்கிப்போடுவதற்கு முன் இன்னொரு வழியும் உண்டு. ஓடும் வட்டின் மேல் கிரேப் ரப்பர் கட்டியை வைத்தால், அது தூளை ஒட்டி இழுத்துவிடும். இதையே ‘கிளீனிங் ஸ்டிக்’ என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். இயற்கை ரப்பர்தான் அது. ரப்பர்த் தோட்டங்களின் நடுவே உட்கார்ந்துகொண்டு அதை இணையத்தில் தேடி வரவழைப்பது சற்று வேடிக்கைதான். சூட்டில் உருகி ஒட்டிய வார்னிஷை இது எடுக்காது. இறுகிய தூளுக்கு நன்றாகவே வேலை செய்யும்.

ஈரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரமான இந்த ஊருக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டில் நீடித்தால், மரத்தின் ஈரம் 16 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். காற்று 65-க்கு இறங்கினால் மரம் 12-க்கு இறங்கும். 16-இல் இருக்கும் மரத்தின் நார் வெட்டுப்படாமல் மடங்கும். தேய்த்த முகத்தில் பஞ்சு எழும்பும். தூள் பிசுபிசுத்து வட்டை அடைக்கும். ஜூலையில் ‘இந்த வட்டு மட்டம்’ என்று ஒதுக்கிய பொட்டலம் பிப்ரவரியில் நன்றாக ஓடினால் வியப்பதற்கில்லை. தேய்ப்பு வேலையைக் காய்ந்த மாதங்களுக்குத் தள்ளி வைப்பது எந்த விலையுயர்ந்த வட்டையும்விட அதிகம் உதவக்கூடும்.

மரம் போலவே வட்டும் ஈரம் குடிக்கிறது. காகித முதுகு ஈரத்தில் உப்பும். குருணைப் பக்கத்தின் பசைப் பூச்சு உப்பாது. இரண்டும் இழுத்துக்கொள்ள, வட்டு கிண்ணமாக மடங்கும். மடங்கிய வட்டு பேட்டில் முழுதாக ஒட்டாது. ஓரம் எழும்பி முதலில் கிழியும். உற்பத்தியாளர்கள் சொல்லும் பாதுகாப்பு அளவு 18 முதல் 22 பாகை வெப்பமும் 45 முதல் 65 விழுக்காடு ஈரப்பதமும். வித்துரா வீட்டில் இயற்கையாக அது அமையாது. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, முகத்தோடு முகம் வைத்து, மேலே ஒரு கனம் ஏற்றி வைப்பதே நடைமுறை. சிமென்ட் தரையிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வைக்கக் கூடாது. மடங்கியதை நிமிர்த்த வெயிலில் போடுவதும் பயனில்லை, எதிர்ப்பக்கம் மடங்கும்.

காகிதத்தின் கனத்துக்கும் எழுத்துகள் உண்டு. ‘ஏ’ மிக மெல்லியது, ‘எஃப்’ மிகக் கனமானது. சாண்டர் வட்டுக்கு ‘சி’-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளலாம். முரட்டு எண்களுக்கு ‘ஈ’ நல்லது. ஈரத்தைக் கருதினால் படல முதுகு காகிதத்தைவிட மேல், விலையும் மேல். வலைபோல் நெய்த வட்டு இன்னொரு வகை. முகம் முழுவதும் துளை என்பதால் தூள் தங்க இடமே இல்லை. ஆனால் அதன் பயன் முழுவதும் வாக்குவம் இணைப்பில் இருக்கிறது. சாண்டரின் சிறு தூள்பையோடு ஓட்டுபவருக்கு அந்த விலை திரும்பி வராது. பேட்டின் கொக்கிகள் தேயாமலிருக்க நடுவே ஒரு காப்பு அட்டையும் வாங்க வேண்டியிருக்கும்.

தூள் வட்டுக்கு மட்டும் எதிரியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பொருள்களின் பிரிவில் மரத்தூளை 1995-இல் சேர்த்தது. அந்த முடிவு தொழிற்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் தூளில் நின்றவர்களைப் பற்றியது. வார இறுதியில் ஒரு ஸ்டூல் செய்பவருக்கு அதே அளவு ஆபத்து இல்லை. இருந்தாலும் தேக்கு, ஈட்டித் தூள் பலருக்குத் தோலிலும் மூக்கிலும் ஒவ்வாமை உண்டாக்குகிறது. துணி முகமூடி இதற்குப் போதாது. ஐஎஸ் 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 முகமூடியைக் கேட்டு வாங்கலாம்.

விலையைப் பார்ப்போம். ஒரு வட்டு 10 ரூபாய், இன்னொன்று 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 ரூபாய் வட்டு அடையாமல் மூன்று மடங்கு நேரம் ஓடினால், அதுவே மலிவு. இரண்டு மடங்கே ஓடினால் மலிவு வட்டு வென்றது. எது நடக்கும் என்பது உங்கள் மரத்தையும் ஈரத்தையும் கையையும் பொறுத்தது. நூறு எண்ணிக்கைப் பொட்டலம் வாங்குவதற்கு முன் இரண்டிலும் சில வட்டுகளை வாங்கி, ஒரே பலகையில் பாதிப் பாதியாகப் பென்சில் கிறுக்கி ஓட்டிப் பார்த்தால் ஒரு மாலைப்பொழுதில் விடை தெரிந்துவிடும். பெரிய பொட்டலத்தின் விலைக்குறைப்பும் இந்த ஊரில் கணக்கில் முழுதாக நிற்பதில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டிய கடைசி இருபது வட்டுகள் மடங்கிப் போயிருந்தால் அந்தக் குறைப்பு அங்கே கரைந்திருக்கும்.

இவ்வளவும் பார்த்தபின், புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தப் பத்தியின் பரிந்துரை சிறியதுதான். ‘பி’ எழுத்துள்ள, இடைவெளிப் பூச்சும் ஸ்டியரேட்டும் கொண்ட அலுமினியம் ஆக்சைடு வட்டுகளில் பி80, பி120, பி180 மூன்று மட்டும். பி80-உம் பி120-உம் சற்று அதிகமாக, பி180 பாதியாக. முரட்டு எண்கள்தான் கடின வேலையைச் செய்து முதலில் தீரும். அறுவை ஆலையில் நன்றாக இழைத்துத் தந்த பலகையென்றால் பி80 தேவைப்படாமலே போகலாம். மலையாளத்தில் சிந்தேர் எனப்படும் இழைப்புளியைக் கூராக வைத்திருக்கும் ஆசாரி ஒருவர் பக்கத்தில் இருந்தால், அவர் நான்கு இழுப்பில் எடுப்பதை பி80 வட்டு அரைமணி நேரம் தேய்த்து எடுக்கும். பி240-ஐ எண்ணெய்ப் பூச்சு முடிவான பிறகு வாங்கலாம். பி320-ஐ முதல் கோட் வார்னிஷ் காய்ந்துகொண்டிருக்கும்போது போய் வாங்கினாலும் நேரம் இருக்கிறது.